பணியாளர் உளநலம்: முகாமையாளரிடமிருந்து தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் பணிபுரியும் நிறுவனத்தை நடத்துபவர்கள், ஆண்டுக்கொரு யோகா வகுப்பை வைத்துப் படமெடுப்பதோடு நின்றுவிடாமல், தமக்குக் கீழுள்ளவரின் சோர்வை இனங்கண்டு தனியே அழைத்துப் பேசுவதற்கு முகாமையாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலும் இப்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. மனநலம் என்றாலே பைத்தியம் என்று எண்ணும் கூச்சம் நம்மூரில் இன்னும் விலகாததால், பேசியது வெளியே போகாது என்ற உறுதியை எழுத்திலேயே கொடுப்பது நல்லது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவி இலக்கத்தை மாதச் சம்பள விபரத் தாளில் அச்சிடலாம் (அறிவித்தல் பலகையின் முன் நின்று அதைக் குறித்துக்கொள்ள யாருக்கும் துணிவு வராது). உளநலத்தோடு உடல்நலத்தையும் கவனிக்க, சிற்றுண்டிச்சாலையில் ரோல்ஸ், பற்றீஸுக்குப் பக்கத்தில் அவித்த கடலையும் குரக்கன் பிட்டும் இருக்கட்டும். பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வாரத்துக்கு 150 நிமிட நடைக்கு உடற்பயிற்சிக்கூடம் கட்டத் தேவையில்லை. வேலை முடிந்தபின் வாட்ஸ்அப்பில் புதிய வேலை அனுப்பாதிருந்தால், பண்ணைக் கடற்கரைப் பக்கம் பணியாளர்கள் தாமாகவே நடப்பார்கள்.