கேம் ஆட பழைய பிளாஸ்மா டிவி வாங்கலாமா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய பிளாஸ்மா டிவி மலிவாகக் கிடைக்கிறது, பிளேஸ்டேஷனுக்கு வாங்கலாமா என்று அல்சூரில் இருக்கும் மச்சான் கேட்டான். வேகமான காட்சிகள் கலங்காது, கறுப்பும் நல்ல கறுப்பாகத் தெரியும். அந்த விஷயத்தில் பிளாஸ்மாவை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஸ்கோர், மேப் என்று ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்பவை திரையில் தழும்பாகப் பதிந்துவிடலாம்.

வாங்குவதற்கு முன், திரை முழுக்க வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் பார்த்தபோது மேல் மூலையில் ஏதோ சேனலின் லோகோ ஆவி மாதிரி நின்றது. பேசாமல் திரும்பிவிட்டோம். பானாசோனிக் 2013-லேயே பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, பேனல் போனால் உதிரிக்கு அலைய வேண்டும். கரண்ட்டும் அதிகம் இழுக்கும்.

எல்சிடி என்றால் செட்டிங்கில் ‘கேம் மோடு’ இருக்கிறதா என்று பாருங்கள். படத்தை மெருகேற்றும் வேலைகளை அது குறைத்துவிடும். அதனால் கண்ட்ரோலரில் பட்டனை அழுத்தியதும், தாமதமில்லாமல் கேமில் அடி விழும். மச்சான் கடைசியில் எல்சிடிதான் வாங்கினான். ஒரு வாரம் கேம் மோடைப் போடாமலே, கண்ட்ரோலர் சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தான்.