டிடி ஃப்ரீ டிஷ்: சந்தேகப்படுங்கள், ஆனால் சரியான இடத்தில்

"இப்போ சும்மா கொடுப்பான், ஆறு மாசம் போனா ரீசார்ஜ் பண்ணுன்னு நிப்பான்." மாதச் சந்தா இல்லாமல் டிஷ் வழியாக டிவி சேனல் தரும் டிடி ஃப்ரீ டிஷ் பற்றிப் பேச்செடுத்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முதலில் வரும் பதில் இதுதான். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 2017இல் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் இலவசமாக வீட்டுக்கு வந்தது. மாதக் கட்டணம் மட்டும் தொடர்ந்தது. ஒரு முறை அப்படிப் பார்த்தவர்கள் அடுத்த இலவசத்தை நம்ப யோசிக்கத்தான் செய்வார்கள். ஆனால் காசு போவது அவர்கள் பயப்படும் இடத்தில் இல்லை.

பின்னால் கட்டணம் வரும் என்று ஒதுக்குவது முதல் தவறு. ஊருக்குப் புதிதாகத் தெரியலாம், சேவை பழையது. 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது. நடத்துவது தூர்தர்ஷனை நடத்தும் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி. பார்க்கிறவர்களிடம் அது பணம் வாங்குவதில்லை. தனியார் சேனல்கள்தான் ஏலம் எடுத்து, இடத்துக்குப் பணம் கட்டி உள்ளே வருகின்றன. ஏல காலம் முடிந்ததும் சில சேனல் வெளியேறும், வேறு சில வரும். நேற்று வரை வந்த சேனல் இன்று காணவில்லை என்றால் யாரோ காசு கேட்டு நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. மெனுவில் ஆட்டோ ஸ்கேன் அல்லது பிளைண்ட் ஸ்கேன் ஒரு தடவை ஓட்டினால் புதுப் பட்டியல் வந்துவிடும்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது: இலவசம் என்று சொல்லி வருகிறவரை அப்படியே நம்பிவிடுவது. எல்லோருக்கும் பாக்ஸ் இலவசம் கிடையாது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'பைண்ட்' திட்டத்தில் தொலைதூர, பழங்குடி, எல்லைப் பகுதிகள் போன்ற இடங்களுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பாக்ஸ்களை இலவசமாகத் தருவதாக அறிவித்தார்கள். மற்றவர்கள் கடையில் வாங்க வேண்டும். பாக்ஸ், டிஷ், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிய கையில் இருக்கும், சிக்னலை வாங்கும் கருவி), கேபிள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 2,000 ரூபாய், ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு 'பதிவுக் கட்டணம்', 'ஆக்டிவேஷன்', 'வருட ரீசார்ஜ்' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். செல்போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்லச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். டிவி பார்க்க ஓடிபி எதற்கு?

சேனல் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவது இன்னொன்று. நூற்றுக்கணக்கில் சேனல் என்பது உண்மைதான். அதில் பெரும்பகுதி பிஎம் இ-வித்யா, சுயம் பிரபா போன்ற கல்விச் சேனல்கள். மீதியில் இந்திதான் அதிகம். தமிழுக்கு டிடி தமிழ் இருக்கிறது (2024 ஜனவரி வரை பொதிகை என்ற பெயரில் இருந்தது). சன் டிவி, விஜய் டிவி, ஜீ தமிழ் மூன்றும் கட்டணச் சேனல்கள். அவற்றை இதில் எதிர்பார்க்க வேண்டாம். சாயங்கால சீரியல் விட்டுப்போகக் கூடாது என்கிற வீட்டில் கேபிளை வெட்டிவிட்டு இதை மாட்டினால் சண்டைதான் மிஞ்சும். கேபிள் போகாத சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மலைப்பக்க வீடுகளுக்கும், படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கும் இது பொருத்தமானது என்பது எங்கள் கணிப்பு.

பாக்ஸ் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். அட்டைப் பெட்டியில் எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை), டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறை) என்ற இரண்டும் இருக்க வேண்டும். பழைய எம்பெக்-2 பாக்ஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் எம்பெக்-4இல் வரும் சேனல்கள் அதில் தெரியாது. 2006க்குப் பின் அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி இன்னும் ஓடும் வீடுகளில் பாக்ஸின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் அந்த டிவியில் மாட்ட வழியில்லை.

இனி டிஷ். "மலை மறைக்குது, சிக்னல் வராது" என்பது இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கும் சந்தேகம். அநேகமாக அது தவறு. ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 பாகை (டிகிரி) கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்தால் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 127–128 பாகையில், அதாவது நேர் தென்கிழக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே தள்ளி, தரையிலிருந்து 67 பாகை உயரத்தில் நிற்கிறது. ஏறக்குறைய தலைக்கு மேலே. அவ்வளவு உயரத்தை மலை மறைக்காது. மறைப்பது வீட்டை ஒட்டி நிற்கும் புளியமரமும் மாமரமும்தான். கணக்கு சுலபம்: டிஷ் மட்டத்துக்கு மேல் 12 மீட்டர் உயர்ந்து நிற்கும் மரம் தென்கிழக்கில் சுமார் 5 மீட்டருக்குள் இருந்தால் மறைக்கும். 7 மீட்டர் தள்ளி இருந்தால் கவலை வேண்டாம்.

இதில் கண்ணை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. நாம் மாட்டும் ஆஃப்செட் டிஷ், முகம் காட்டும் திசையைவிட 22 முதல் 26 பாகை வரை மேலே பார்க்கும். முகம் 42 பாகையில் சாய்ந்திருந்தாலும் அது பிடிப்பது 67 பாகையை. முகத்துக்கு நேரே மரம் தெரிகிறது என்று டிஷ்ஷை வேறு மூலைக்கு மாற்றுகிறவர்கள் வீண் வேலை செய்கிறார்கள்.

செல்போன் திசைகாட்டியை இரும்புக் குழாயை ஒட்டி வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். குழாய் ரசமட்டத்தில் நேராக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்னால் உள்ள பாகை அளவு பொய் சொல்லும். ஓட்டுக் கூரையிலோ சிமென்ட் ஷீட்டிலோ மாட்டாமல் சுவரிலோ தளத்திலோ போல்ட் போடுங்கள். ஆடிக் காற்றில் டிஷ் இரண்டு பாகை நகர்ந்தாலே படம் போய்விடும்.

திரையில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என இரண்டு பட்டைகள் வரும். ஸ்ட்ரெங்த் 80ஐத் தொட்டதும் போல்ட்டை முறுக்கிவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு. எல்என்பிக்கு மின்சாரம் போனாலே ஸ்ட்ரெங்த் ஏறிவிடும். நம்ப வேண்டியது குவாலிட்டியை. அதுவும் ஏறி, ஸ்கேனில் சேனல்கள் வந்து, ஒன்றுகூடத் திறக்காமல் பூட்டுப் போட்டிருந்தால், பக்கத்தில் 95 பாகையில் இருக்கும் டிஷ் டிவியின் செயற்கைக்கோளைப் பிடித்திருக்கிறீர்கள். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை ஏறக்குறைய 3 பாகை அகலம். ஒன்றரைப் பாகை தள்ளியிருப்பது எளிதில் சிக்கும். டிஷ்ஷை மயிரிழை மேற்கே தள்ளி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பழைய டிடிஎச் டிஷ்ஷையே பயன்படுத்துகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: டாடா ப்ளே 83 பாகை, ஏர்டெல் 108.2 பாகை. அந்தத் திசையிலேயே விட்டுவிட்டுப் பாக்ஸை மட்டும் மாற்றினால் எதுவும் வராது.

பலர் கை வைக்காமல் விடும் இடம் எல்என்பி. கேபிள் நேர் கீழே தொங்கும்படி மாட்டினால் சிக்னலில் பாதிக்கு மேல் வீண். செயற்கைக்கோள் நமக்கு வெகு கிழக்கே இருப்பதால் அலை சாய்ந்து வருகிறது. எல்என்பியையும் ஏறக்குறைய 50 பாகை திருப்ப வேண்டும். டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று. பிடிப்பானைத் தளர்த்தி ஐந்தைந்து பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் குவாலிட்டி நிலைக்க இரண்டு விநாடி கொடுங்கள். மெனுவில் எல்என்பி அலைவரிசை 9750/10600 என்று இருக்க வேண்டும்.

டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு வரும் கேபிள் ஆர்ஜி-6 என்ற வகையாக இருக்கட்டும். பழைய கேபிள் டிவி வயரையும் ஸ்ப்ளிட்டரையும் இதில் கலக்காதீர்கள். எல்என்பிக்குப் போகும் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதில் தடைபடும். கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டர் போடும்போது நடுக்கம்பி விளிம்புக்கு மேல் 2, 3 மி.மீ. நீட்டினால் போதும். சுற்றியிருக்கும் வலைக்கம்பியில் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும். பாக்ஸ் அணைந்து அணைந்து எரியும், கடைக்காரர் பாக்ஸ் போய்விட்டது என்பார். புதிது வாங்கும் முன் கேபிளைக் கழற்றிவிட்டுப் பாக்ஸை ஓட்டிப் பாருங்கள். ஒழுங்காக நின்றால் கோளாறு கனெக்டரில். எல்என்பி முனையில் கேபிள் ஒரு வளைவாகத் தொங்கட்டும். நீர் அதில் வடிந்துவிடும், கனெக்டருக்குள் போகாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் கட்டம் கட்டமாகி நின்றுபோகும். செயற்கைக்கோள் சிக்னல் வரும் கேயு அலைவரிசையை மழை விழுங்குவதால் வருவது அது. கட்டண டிடிஎச்சிலும் இதேதான். மழை விட்டால் தானாகத் திரும்பும். அந்த நேரத்தில் மாடி ஏறி போல்ட்டைத் தளர்த்தாதீர்கள். மழை விட்டு அரை மணி நேரமாகியும் வரவில்லை என்றால்தான் டிஷ் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.