மலையில் தேத்தண்ணி வைக்க ஒரு பேணி அடுப்பு

யாழ்ப்பாணத்தில் ஏற மலை கிடையாது. சிவனொளிபாதமலைக்கோ நக்கிள்ஸுக்கோ போகிற நாங்கள் காஸ் அடுப்பைச் சுமந்து களைப்பதை விட, தட்டையான சின்ன ரின்மீன் பேணி ஒன்றைக் கழுவி எடுத்தாலே போதும். பேணிக்குள் ஒரு விறகுத் துண்டை இறுக்கி வைத்து, விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழே நாலு அங்குல ஆணியால் சுற்றிவர 16 ஓட்டை போட்டு, விறகை வெளியே எடுத்துவிடுங்கள். விறகு வைக்காமல் அடித்த என் முதல் பேணி நசுங்கிப் போய், அம்மாவின் சிரிப்புத்தான் மிச்சம்.

சரி, 30 மி.லீ. மெதிலேற்றட் ஸ்பிரிட் (எரிக்கப் பாவிக்கிற மதுசாரம்) ஊற்றிப் பற்றவைத்து, அரை நிமிடம் விட்டு, பேணியை விட அகலமான அலுமினியக் குவளையை மூடியோடு மேலே வையுங்கள். அவசரப்பட்டு உடனே வைத்தால் அணைந்துவிடும். அரை லீற்றர் கொதிக்க அது காணும். காற்று மறைக்க அலுமினியத் தாளை இரண்டாக மடித்து, ஒரு விரல் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிட்தான் வீண். பகலில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது, அணைந்துவிட்டதென்று நினைத்து மேலும் ஊற்றவே கூடாது, கூடாரத்துக்குள்ளும் வேண்டாம்.

2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலை உச்சியில் தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும், தேயிலையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஊறவிடுங்கள்.