வீட்டு மருந்து டப்பாவில் ஒரே மருந்து எத்தனை பெயரில் இருக்கிறது?

போன மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்று வேளையும் டோலோ 650 போட்டுக்கொண்டிருந்தார். மூக்கடைப்புக்கு பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சைனாரெஸ்ட், அதுவும் மூன்று வேளை. முட்டிவலிக்கு ஏற்கெனவே காலையும் ராத்திரியும் ஜெரோடால்-பி. மூன்று தொல்லைக்கு மூன்று மாத்திரை, இதில் என்ன தப்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம், நானும்தான். அன்று ராத்திரி ஏதோ தோன்றி அட்டைகளைத் திருப்பிப் படித்தால், மூன்றிலும் பாராசிட்டமால். டோலோவில் 650 மி.கி., சைனாரெஸ்டில் 500, ஜெரோடால்-பியில் 325. கூட்டிப் பாருங்கள்: 1950, 1500, 650, மொத்தம் 4100 மி.கி. நல்ல உடம்போடு இருக்கும் பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4000-தான் உச்ச வரம்பு. அம்மாவின் எடை 45 கிலோ, அவருக்கு வரம்பு இன்னும் கீழே. அப்போதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினோம், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ராத்திரி எனக்குப் போதும்.

இதில் எந்த மாத்திரையின் மேலும் குற்றம் இல்லை. நாங்கள்தான் கம்பெனி வைத்த பெயரை மருந்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதனால் முதல் வேலை, அட்டையைத் திருப்புவது. பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஈச் டேப்லட் கன்டெய்ன்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே வருவதுதான் நீங்கள் விழுங்கப்போகும் மருந்து. 'பாராசிட்டமால் ஐ.பி. 650 மி.கி.' என்ற மாதிரி, பெயரும் அளவும் இருக்கும். ஐ.பி. என்பது இந்திய மருந்தியல் நூலின் தரப்படி செய்தது என்பதற்கான குறி. ஒரே பெயர் இருந்தால் ஒரே மருந்து. இரண்டு மூன்று பெயர் வரிசையாக இருந்தால் கடைக்காரர்கள் 'காம்பினேஷன்' என்று சொல்வார்களே, அது. சிக்கல் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் காம்பினேஷனில்தான். எழுத்து தெரியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

டோலோ 650, கால்பால், சாதாரண க்ரோசின் எல்லாம் வெறும் பாராசிட்டமால். இலங்கையிலும் வளைகுடாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் 'பனடோல்' என்று சொல்வதும் இதைத்தான், அமெரிக்காவில் டைலினால் என்று வருவதும் இதுதான், ஆனால் அங்கே டப்பாவில் அசெட்டமினோஃபென் என்று போட்டிருப்பார்கள். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலோடு இபுப்ரோஃபென் என்ற வலி மருந்தும் சேர்ந்திருக்கும். ஜெரோடால்-பி, டோலோகைண்ட் பிளஸ் இரண்டிலும் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும். டோலோ, டோலோகைண்ட் என்று காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் கம்பெனி வேறு, உள்ளே இருப்பதும் அப்படியே ஒன்றல்ல.

இபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் (வோவரான்), ஆஸ்பிரின் ஆகிய வலி மருந்துகளை ஏன் தனியாக அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றால், டெங்கு. மழைக்காலத்துக் காய்ச்சல் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இவற்றைத் தொடக்கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து கூடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். 'காய்ச்சல் குறையவே மாட்டேங்குது' என்று காம்பிஃப்ளாமுக்குத் தாவுவதை இனியாவது நிறுத்துங்கள். இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ டாக்டர் எழுதி இக்கோஸ்பிரின் (அதாவது ஆஸ்பிரின்) சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தவும் கூடாது, காய்ச்சல் வந்த அன்றே டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓரிரண்டு எழுத்து. அதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் மருந்தே அங்கேதான் மாறுகிறது. பிரஷர் மாத்திரை டெல்மா என்றால் டெல்மிசார்டன் மட்டும். டெல்மா-ஏஎம் என்றால் கூடவே அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து, டெல்மா-எச் என்றால் கூடவே சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மருந்து. வீட்டில் ஏற்கெனவே அம்லாங் (அதுவும் அம்லோடிபின்தான்) சாப்பிடுகிறவர் ஆஸ்பத்திரியிலிருந்து டெல்மா-ஏஎம் சீட்டோடு வந்து இரண்டையும் போட்டால் அம்லோடிபின் இரட்டிப்பாகும், பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று பழைய மாத்திரை எல்லாவற்றையும் புதிய சீட்டின் பக்கத்தில் வைத்து, எது தொடர வேண்டும், எது நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். எழுத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே அர்த்தம் என்றும் நம்பாதீர்கள். ஜெரோடால்-எம்ஆரில் எம்ஆர் என்பது தசை இறுக்கம் தளர்த்தும் மருந்து, தூக்கம் வரும், வண்டி ஓட்டக்கூடாது. சர்க்கரைக்கான டயமைக்ரான் எம்ஆரில் அதே எழுத்து, மாத்திரை மெதுவாகக் கரையும் என்பதற்காக. மெதுவாகக் கரையும் வகைகளை (எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்றும் வரும்) நசுக்கிக் கொடுக்கக்கூடாது, விழுங்க முடியவில்லை என்றால் வேறு வகை கேட்டு வாங்குங்கள்.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்தில்தான் எனக்குப் பயம் அதிகம். ஒரே பாராசிட்டமால், ஒரே மாதிரி பாட்டில், ஆனால் ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 மி.கி., இன்னொன்றில் 5 மில்லிக்கு 250, சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100. பொதுவாக ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்று வைத்தால், 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி. முதல் சிரப்பில் அது ஏழரை மில்லி, இரண்டாவதில் மூன்றரை மில்லிக்குக் கொஞ்சம் மேல், சொட்டு மருந்தில் இரண்டு மில்லிகூட இல்லை. 'எப்பவும் ஏழரை மில்லிதானே கொடுப்போம்' என்று சொட்டு மருந்தை ஏழரை மில்லி ஊற்றினால் 750 மி.கி. போய்விடும். எத்தனை மில்லி என்பதை டாக்டரிடம் கேட்கும்போது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் போட்டிருக்கும் அளவைப் படித்துச் சொல்லிக் கேளுங்கள். கூடவே கொடுத்த மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள், சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் போகக்கூடாது. பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து தேடாமல் நேரே ஆஸ்பத்திரி. சளி மருந்துகளில் குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த வகை 4 வயதுக்குக் கீழே கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. இந்தப் பினைல்எஃப்ரின் பிரஷர் இருக்கும் பெரியவர்களுக்கும் ஆகாது, எங்கள் அம்மா போட்ட சைனாரெஸ்டில் அதுவும் இருந்தது.

மருந்துப் பெயர் தெரிந்தால் பணமும் மிச்சம். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் கம்பெனிப் பெயரைச் சொல்லித் தேட வேண்டாம், 'டெல்மிசார்டன் 40' என்று மருந்தும் அளவும் சொன்னால் போதும். வலிப்பு, தைராய்டு மருந்துகளை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்றாதீர்கள், அவற்றில் சின்ன வித்தியாசமும் உடம்பில் தெரியும்.

பாராசிட்டமால் கூடிப்போய்விட்டது என்று சந்தேகம் வந்தால், 'நல்லாத்தானே இருக்கேன்' என்று உட்காரக்கூடாது. முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், கல்லீரல் கெடுவது பிறகுதான் தெரியும். அதை முறிக்கும் மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். அட்டைகளை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ இருப்பவர்கள் தங்களுக்கான அளவை முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் முறுக்கு டின்தான் மருந்து டப்பா. அதன் மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: இடது பக்கம் மாத்திரைப் பெயர், வலது பக்கம் உள்ளே இருக்கும் மருந்தும் மி.கி.யும், பாராசிட்டமால் இருக்கும் வரிகளுக்கு மட்டும் சிவப்புக் கோடு. கடையில் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை கொடுக்கும்போது பெயரும் காலாவதி தேதியும் அடுத்த ஆளின் பாதியோடு போய்விடுகின்றன, அதனால் வெட்டுவதற்கு முன்பே முழு அட்டையைப் படம் எடுத்துக்கொள்கிறேன். முழு அட்டையாக வாங்கினால், தேதி அச்சடித்த முனைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மாத்திரையை எடுக்கச் சொல்லி அம்மாவுக்குப் பழக்கியிருக்கிறேன், கடைசி மாத்திரைவரை தேதி கிழியாமல் இருக்கும்.