ஹோட்டன் சமவெளிக்கு முதல்முறை போகிறீர்களா? எட்டரை மணியில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

முதல் தடவை நாங்கள் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் செங்குத்துப் பாறை விளிம்பான உலக முடிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. முன்னால் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியதுபோல் பனிமூட்டம். 800 மீற்றருக்கும் கூடுதலான பள்ளம் காலடியில் இருந்தது. எங்களுக்குத் தெரிந்ததோ எங்கள் கால்கள் மட்டும். "இதைப் பார்க்கவா திருகோணமலையில் இருந்து வந்தனாங்கள்?" என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்விதான்.

அப்போது பட்டதை வைத்துச் சொல்கிறேன். பெரும்பாலான நாள்களில் ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கில் இருந்து பனிமூட்டம் ஏறி வந்துவிடும். பிந்தினாலும் எட்டரைக்கு நீங்கள் உலக முடிவில் நிற்க வேண்டும்.

1. மாதம்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். அறை வாடகை எகிறும், வீதி நிரம்பி வழியும். ஜூன், ஜூலையில் காற்றும் மழையும். நீண்ட விடுமுறை நாள்களைத் தவிருங்கள்.

2. நேரக் கணக்கு

பூங்கா வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவில் இருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக 32 கிலோமீற்றர். வளைவு நெளிவான வீதி என்பதால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். ஆகவே 4.45க்குப் புறப்படுங்கள். ரிக்கெற் எடுத்து, பை சோதனை முடித்து, ஃபார் இன் என்ற இடத்தில் நடை தொடங்க ஏழு மணியாகும். அங்கிருந்து உலக முடிவுக்கு ஏறத்தாழ 4 கிலோமீற்றர், சாவகாசமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். கணக்குச் சரி.

3. தங்குமிடமும் வாகனமும்

முதல் நாள் இரவு நுவரெலியாவில் தங்குவதே சுலபம். ரயிலில் வருபவர்கள் நானுஓயாவில் இறங்க வேண்டும். வான்காரரிடம் முதல் நாள் மாலையே பேசிவிடுங்கள். ஒருவழிக் கூலியா, காத்திருந்து திரும்பக் கூட்டி வருவதற்கும் சேர்த்தா என்று வாயால் கேட்டு உறுதி செய்யுங்கள். விடிய நாலரைக்கு வாசலில் நின்று பேரம் பேச முடியாது.

வெளிநாட்டில் இருந்து வந்த உறவினரோடு போகிறவர்கள் கவனிக்க: வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. தேசிய அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

4. பையும் உடுப்பும்

இங்கேதான் கரையோரத்து ஆட்கள் ஏமாறுகிறோம். சமவெளி 2,100 மீற்றர் உயரத்துக்கு மேலே. ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படியும். நான் முதல் தடவை மெல்லிய ரீசேர்ட்டும் ரப்பர் செருப்புமாகப் போனேன். கைவிரல் விறைத்து ரிக்கெற் காசை எண்ண முடியவில்லை. ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, பிடிமானமுள்ள சப்பாத்து, மெல்லிய மழைக்கோட்டு வேண்டும். ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும், அப்போது ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகக் கூடாது. தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய லேபிளைக்கூட உரித்தெடுப்பார்கள். பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்துக் கடதாசிப் பையில் கொட்டித் தருவார்கள். வீட்டிலேயே எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பெட்டிக்கு மாற்றிவிட்டால் அந்த வரிசையில் பத்து நிமிடம் மிச்சம். ரொட்டியும் கட்டைச் சம்பலும் போதும்.

5. நடை

மொத்தம் 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதை. மூன்று, மூன்றரை மணி நேரம். கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்பாமல், பெரியதற்கு முன்னால் வரும் சிறிய விளிம்பான சிறிய உலக முடிவுப் பக்கம் போங்கள். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி எங்கும் ஓடிவிடாது, பனிமூட்டத்திலும் தெரியும், திரும்பும்போது பார்க்கலாம்.

சிறிய உலக முடிவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். பெரியதில் ஆறுதலாக இருங்கள். கீழே தேயிலைத் தோட்டத்து லயன் கூரைகள் தீப்பெட்டிகள் மாதிரித் தெரியும். விளிம்புக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்க வேண்டாம், மண் ஈரமாக இருக்கும்.

திரும்பும் பாதையில் கற்களும் வேர்களுமாக இருக்கும், நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடம் வழுக்கும். சிறுவர்களின் கையை விடாதீர்கள். புல்வெளியில் குறுக்குவழி தேடவும் வேண்டாம். மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் தண்ணீர் ஊறுவது இந்த மண்ணில்தான். எங்கள் கொட்டியாரக் குடாவில் வந்து விழும் மகாவலித் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்து புறப்படுகிறது என்று மச்சானிடம் சொன்னேன். "அப்ப அதிலேயே மிதந்து வீட்ட போவமா?" என்றான், கால்வலியில்.

வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் கிட்ட வந்து உங்கள் பெட்டியை மோந்து பார்க்கும். பழகிய மாடு மாதிரித்தான் தெரியும், ஆனால் காட்டு மிருகம். ரொட்டி கொடுக்காதீர்கள், பெட்டியை மூடி வானுக்குள் வைத்துவிட்டுச் சாப்பிட ஒரு இடம் பாருங்கள்.