முட்டி அடிபட்டதா? முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் வேலையிடத்தில் முட்டி அடிபட்டால், முதல் முறை டாக்டரைப் பார்க்கும்போதே அது வேலையில் நடந்தது என்று சொல்லிக் குறிப்பில் எழுத வையுங்கள். "முட்டி வலி" என்று மட்டும் இருந்தால் போதாது. "காலை 10 மணி, சாரப் படியில் சறுக்கி வலது முட்டி திருகியது" என்கிற அளவுக்கு இருக்க வேண்டும்.

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளியின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையால் காயம் ஏற்பட்டது என்று தெரிந்தால் போதும். முட்டியில்தான் சிக்கலே: எம்ஆர்ஐ எடுத்தால் பழைய தேய்மானமும் சேர்ந்து தெரியும், "இது முன்பே இருந்தது" என்று முதலாளியின் காப்புறுதி நிறுவனம் மறுக்க இடம் கிடைக்கும். அப்போது முதல் நாள் குறிப்பைவிட வலுவான துணை குறைவு. வேலை போய்விடுமோ என்று பயந்து "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். பின்னால் அதை மாற்றுவது பெரும்பாடு. மேற்பார்வையாளருக்கும் அன்றே படத்துடன் செய்தி அனுப்பிவிடுங்கள், நேரம் தானாகப் பதிவாகும்.

இழப்பீட்டுக் கோரிக்கைக்கு விபத்து நாளிலிருந்து 1 ஆண்டு அவகாசம் உண்டு. வேலையை விட்ட பிறகும் கேட்கலாம்.

வீட்டுப் பணிப்பெண்களுக்கும் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. பொதுப் பேருந்தில் வேலைக்குப் போகும் வழியில் விழுந்தாலும் கிடைக்காது. கம்பெனி லாரியில் என்றால் கேட்கலாம்.