விலை உயர்ந்த ப்ராசஸர் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசு ஏற ஏற வேகமும் ஏறும் என்பது ப்ராசஸர் விஷயத்தில் நடுத்தர விலை வரைக்கும் ஓரளவு உண்மை. அதற்கு மேல் போனால் இரண்டு மடங்கு பணம் கொடுத்தும் அன்றாட வேலையில் வித்தியாசமே தெரியாமல் போகலாம். அப்படியென்றால் உச்ச விலை சிப்புகள் எல்லாம் வீணா என்றால், இல்லை, சிலருக்கு அவை போட்ட பணத்தைச் சீக்கிரமே திருப்பிக் கொடுத்துவிடும். அந்தச் சிலரில் நாமும் ஒருவரா என்று பார்க்காமல் வாங்குவதுதான் பிரச்சினை.

பெரிய தவறு, கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவு) எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவது. ஏஎம்டியின் உச்ச விலை சிப்பான த்ரெட்ரிப்பர் ப்ரோ 7995டபிள்யூஎக்ஸில் 96 கோர்கள், 2023-ல் வந்தபோது விலை 9,999 டாலர். 8 கோரைவிட 12 மடங்கு வேகமாக இருக்கும் என்று மனசு தானாகவே கணக்குப் போடும். ஆனால் ஒரு வேலையை எந்த அளவுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே, இதை கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். ஒரு வேலையில் 90 சதவீதத்தைப் பிரிக்கலாம், மீதி 10 சதவீதம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோரோடு ஒப்பிட்டால் 16 கோரில் அது 6.4 மடங்கு வேகமாக முடியும், 64 கோரில் சுமார் 8.8 மடங்கு. கோர் நான்கு மடங்கானது, லாபம் 40 சதவீதம்கூட இல்லை. ஆயிரம் கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்ட வழியில்லை. போதாததற்கு, இவ்வளவு கோர்களை ஒரே சிப்பில் அடைத்தால் எல்லாவற்றையும் முழு வேகத்தில் ஓட்ட முடியாது: அந்த 96 கோர் சிப்பின் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், ஏஎம்டியின் சாதாரண டெஸ்க்டாப் சிப்பான 16 கோர் ரைஸன் 9 7950எக்ஸுக்கு அது 4.5.

உங்கள் வேலை எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளக் காசு செலவில்லை. வழக்கமாக உங்களைக் காக்க வைக்கும் வேலையை ஓடவிட்டு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு (ப்ராசஸர்) 100 சதவீதத்தில் நின்றால் கூடுதல் கோர்கள் உதவும். 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள ப்ராசஸரில் 6, 7 சதவீதத்தையே சுற்றிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடுகிறது, மற்றவை சும்மா இருக்கின்றன என்று அர்த்தம், அங்கே ஒற்றைக் கோரின் வேகம்தான் முக்கியம். சிபியு, டிஸ்க் இரண்டும் அமைதியாக இருந்து கிராபிக்ஸ் கார்டு 98 சதவீதத்தில் நின்றால் ப்ராசஸரைத் தொடவே வேண்டாம்.

கேம் விளையாட உச்ச விலை ப்ராசஸர் வாங்குவதும் இதே கதைதான். 4கே திரைத் தெளிவில் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் திணறும். ப்ராசஸர் முக்கியமாகும் கேம்களிலும் கோர்களைவிட கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) அதிகம் உதவுகிறது, ஏனென்றால் தேவையான தரவு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ராம் வரை போய் எடுத்துவர வேண்டும். 2022-ல் வந்த ரைஸன் 7 5800எக்ஸ்3டி-யில் வெறும் 8 கோர்தான், ஆனால் 96 எம்பி எல்3 கேஷ். அதைவிட விலை அதிகமான 16 கோர் இன்டெல் ஐ9-12900கே-வைப் பல கேம்களில் அது முந்தியது.

அப்புறம், எதிர்காலத்துக்கும் சேர்த்து இப்போதே வாங்கிவிடுகிறேன் என்பது. இன்டெலின் 18 கோர் ஐ9-7980எக்ஸ்இ 2017-ல் 1,999 டாலர். இரண்டே வருடத்தில், 749 டாலருக்கு வந்த 16 கோர் ரைஸன் 9 3950எக்ஸ் பல வேலைகளில் அதை ஓரங்கட்டிவிட்டது. இன்று நடுத்தரம், மூன்று நான்கு வருடம் கழித்து மறுபடி நடுத்தரம் என்று வாங்குபவர் பெரும்பாலும் குறைந்த செலவில் முன்னே இருப்பார். ஒரே சிப்பின் ஸ்பெஷல் பதிப்பு இன்னும் மோசம்: இன்டெலின் ஐ9-14900கே-வின் உச்ச வேகம் 6.0 கிகாஹெர்ட்ஸ், ஸ்பெஷல் பதிப்பான 14900கேஎஸ்ஸுக்கு 6.2. மூன்று சதவீதத்துக்கு நூறு டாலர் கூடுதல்.

விலை அதிகம் என்பதால் பிரச்சினையே வராது என்றும் நம்பிவிடாதீர்கள். அளவுக்கு மீறிய வோல்டேஜால் 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகள் சில கெட்டுப்போனபோது அதிகம் அடிபட்டவை மேல்தட்டு மாடல்களே. 2024-ல் இன்டெல் மைக்ரோகோட் (சிப்பின் உள் கட்டளைத் தொகுப்பு) அப்டேட் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது.

வீடியோ எடிட் செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஹெச்.264, ஹெச்.265 வீடியோ வடிவங்களைக் கையாளும்போது, ப்ராசஸரின் உள்ளமைந்த கிராபிக்ஸோடு வரும் இன்டெலின் க்விக் சிங்க் போன்ற தனி வன்பொருள் பெரிய உதவி. த்ரெட்ரிப்பரில் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது, அதனால் அந்த வசதியைத் தனி கார்டிலிருந்துதான் பெற வேண்டும். ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டிலேயே ரெண்டர் செய்பவரும் பணத்தை அந்தக் கார்டில் போடுவதுதான் நல்லது.

சரி, த்ரெட்ரிப்பர் ப்ரோ மாதிரி உச்ச விலை சிப் யாருக்குத்தான்? நாள் முழுக்க பெரிய மென்பொருள் நிரல்களை கம்பைல் செய்பவர் (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுபவர்), சிபியுவில் ரெண்டர் செய்யும் ஸ்டூடியோ, சிமுலேஷன் ஓட்டும் பொறியாளர். இவர்கள் தயங்காமல் வாங்கலாம், ஆனால் சிப்பின் விலையோடு செலவு நிற்காது, யானையைக் கட்டித் தீனி போடும் வேலை இது. மதர்போர்டு தனி ரகம், சாதாரண டெஸ்க்டாப் ராம் ஓடாது, ரெஜிஸ்டர்ட் ராம் எனப்படும் சர்வர் ரக ராம் வேண்டும், 350 வாட் சூட்டைத் தாங்கும் கூலரும் வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு ராமில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். 8 மெமரி சேனல் (ராமுக்கும் சிப்புக்கும் இடையிலான பாதை) உள்ள த்ரெட்ரிப்பர் ப்ரோ சிப்பில் இரண்டே இரண்டு ராம் ஸ்டிக் போட்டால் தரவு வந்து சேரும் வேகம் (பேண்ட்வித்) கால்வாசிதான் கிடைக்கும், அதிலும் சிமுலேஷன் வேலையில் கோர்கள் தரவுக்காகக் காத்துக் கிடக்கும். பட்ஜெட் போடும்போதே எட்டு ஸ்டிக்குக்கும் சேர்த்துப் போடுங்கள், கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு படி சின்ன சிப்பை எடுத்துக்கொண்டு எட்டையும் நிரப்புங்கள்.